என் வாடிக்கையாளரின் ரசீதுக்கு யார் பிணை?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். செயற்கைக்கோளிலிருந்து நேரடியாக வீட்டு டிஷ்ஷுக்குச் சேனல்களை அனுப்பும் டி.டி.எச். நிறுவனங்கள் அரசுக்குக் கட்டும் உரிமக் கட்டணத்தைக் குறைப்பது பற்றி உங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நிறுவனங்களின் சுமையையும் அரசுக்கு வரவேண்டிய பாக்கியையும் கட்டுரையாளர் தெளிவாகவே எழுதியிருந்தார். இரண்டு தரப்பையும் பேசியாகிவிட்டது என்று அங்கேயே முடித்தும் விட்டார். மூன்றாவது தரப்பு ஒன்று மொட்டை மாடியில் டிஷ்ஷை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அந்தத் தரப்பிடம் பதினெட்டு ஆண்டுகளாகப் பணம் வாங்கிப் பெட்டியில் போட்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

எனக்கு அருப்புக்கோட்டை. பி.காம். முடித்து ஒரு நூற்பாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஆலை மூடியதும் 2007இல் டி.டி.எச். விற்பனைக் கடை வைத்தேன். விற்பது, மாட்டுவது, ரீசார்ஜ் செய்வது, மழை பெய்து படம் நின்றால் ஏச்சு வாங்குவது எல்லாம் நானே. தொழில் மாறினாலும் கணக்கெழுதிய புத்தி போகவில்லை. பங்குச் சந்தையில் இருக்கும் ஒரு டி.டி.எச். நிறுவனத்தின் பங்குகளில் இருபதை வாங்கிப் போட்டேன். லாபம் பார்க்கும் ஆசையில் வாங்கவில்லை. ஆண்டறிக்கை தபாலில் வரும் என்பதற்காகவே வாங்கினேன். "இருபது பங்குக்கு இத்தனை கனமான புத்தகமா, அனுப்பியே நட்டப்பட்டுவிடுவார்களே" என்று என் மனைவி கேலி செய்வார். தலைவரின் புன்னகைப் படம் இருக்கும் முன்பக்கங்களைப் புரட்டிவிட்டு நேராகப் பின்னால் இருக்கும் குறிப்புகளுக்குப் போய்விடுவேன். ஓட்டலின் லட்சணம் சமையலறையில்தான் தெரியும்.

அந்தக் குறிப்புகளில்தான் நிறுவனம் யார் யாருக்குக் கட்டுப்பட்டிருக்கிறது என்பது வரிசையாக இருக்கும். வங்கிக்கு இவ்வளவு, செயற்கைக்கோள் வாடகை இத்தனை ஆண்டுக்கு இவ்வளவு, ஒளிபரப்பாளர்களுக்கு இவ்வளவு, வழக்கில் தோற்றால் அரசுக்கு இவ்வளவு. கடைசியில் சொன்னது வரலாம், வராமலும் போகலாம் என்ற வகைக் கடன். ஊரில் பங்காளி வழக்கு நடத்துகிறவர்களுக்கு இந்த வகைக் கடனைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த ஒப்பந்தங்கள் ஏன் இவ்வளவு நீண்ட காலத்துக்குப் போடப்படுகின்றன என்று உங்கள் வாசகர்கள் கேட்கலாம். ஏணி ஏறியவனுக்கு இதற்குப் பதில் தெரியும். டிஷ் என்பது வானத்தில் ஒரே ஒரு புள்ளியைப் பார்த்து நிற்கும் சாதனம். ஒரு நிறுவனத்தின் அத்தனை வாடிக்கையாளர்களின் டிஷ்ஷும் அந்த ஒரே புள்ளியைத்தான் பார்க்கின்றன. அந்தப் புள்ளியை விட்டு நகர வேண்டுமென்றால் ஒவ்வொரு வீட்டு மாடிக்கும் ஆள் ஏற வேண்டும். ஆகையால் செயற்கைக்கோள் வைத்திருப்பவரிடம் பல ஆண்டுகளுக்குக் கையெழுத்துப் போடுவதைத் தவிர நிறுவனத்துக்கு வேறு வழி கிடையாது.

2010 ஜூலையில் இதைக் கண்ணால் பார்த்தேன். 93.5 டிகிரி கிழக்கில் இருந்த இன்சாட்-4பி செயற்கைக்கோளில் மின்சார வழங்கலில் கோளாறு வந்து, அதன் டிரான்ஸ்பாண்டர்களில் (சிக்னலை வாங்கிப் பூமிக்குத் திருப்பி அனுப்பும் கருவிகள்) பாதியை அணைத்துவிட வேண்டியதாயிற்று. அதை நம்பியிருந்த சேனல்களுக்கு 91.5 டிகிரியில் இருந்த மலேசியாவின் மீசாட்-3 கைகொடுத்தது. வானத்தில் இரண்டு டிகிரிதான் வித்தியாசம். டிஷ்ஷைத் தாங்கும் குழாயில் அது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் திருப்பம். நட்டைத் தளர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மயிரிழை நகர்த்தி, கீழேயிருந்து "வந்துவிட்டது, வந்துவிட்டது" என்று குரல் வரும்வரை காத்திருந்து இறுக்க வேண்டும். இறுக்கும்போதே அது நகர்ந்துவிடும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு வீட்டுக்கு அரை மணி நேரம். அந்த ஆடியிலும் ஆவணியிலும் என் கடைப் பையன்கள் இருவரும் நானும் ஏறாத மாடி இல்லை. செயற்கைக்கோள் ஒப்பந்தம் என்ற சொல்லை எங்கே படித்தாலும் எனக்கு அந்த நட்டும் ஸ்பேனரும்தான் நினைவுக்கு வரும்.

இன்றைக்கு அந்த ஒப்பந்தங்கள் இன்னும் பெரியவை. இஸ்ரோவின் வணிகப் பிரிவான நியூஸ்பேஸ் இந்தியா நிறுவனத்துக்காக ஜிசாட்-24 என்ற 4 டன்னுக்கும் மேற்பட்ட செயற்கைக்கோளை 2022 ஜூனில் பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து ஏரியான்-5 ராக்கெட்டில் அனுப்பினார்கள். அதில் டி.டி.எச்.சுக்குப் பயன்படும் கே.யூ. பேண்ட் என்ற அலைவரிசையில் 24 டிரான்ஸ்பாண்டர்கள். அத்தனையும் டாடா பிளே என்ற ஒரே நிறுவனத்துக்குக் குத்தகை. செயற்கைக்கோளின் ஆயுள் 15 ஆண்டு. இதே நிறுவனம் 2006இல் டாடா ஸ்கை என்ற பெயரில் தொழில் தொடங்கியபோது இன்சாட்-4ஏயின் 12 கே.யூ. பேண்ட் டிரான்ஸ்பாண்டர்களை வைத்துக்கொண்டு தொடங்கியது. வீடு முழுவதையும் வாடகைக்கு எடுத்தவர் ஓர் அறையைப் பூட்டி வைத்தாலும் வாடகை குறையாது. பார்ப்பவர் குறைந்தாலும் டிரான்ஸ்பாண்டர் வாடகை அப்படித்தான்.

பார்ப்பவர் குறைந்துகொண்டுதான் வருகிறார்கள். கட்டண டி.டி.எச். இணைப்புகள் ஒரு காலத்தில் 7 கோடியை எட்டின. 2025 மார்ச்சில் 6 கோடிக்குக் கீழே வந்துவிட்டன. ஒரு பக்கம் கைப்பேசி, இன்னொரு பக்கம் மாதக் கட்டணமே இல்லாத தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ். ஆறு தனியார் நிறுவனங்கள் போட்டி போட்ட களத்தில் இன்று நான்குதான். அந்த நான்கில் இரண்டான ஏர்டெல்லும் டாடா பிளேயும் இணைவது பற்றிப் பேசி, அந்தப் பேச்சும் 2025 மே மாதம் முறிந்தது. பேச்சு நடந்த மாதங்களில் என் கடைக்கு வந்தவர்கள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "கட்டி வைத்திருக்கும் பணம் என்ன ஆகும்?" எனக்குப் பதில் தெரியவில்லை. நிறுவனத்தின் பகுதி மேலாளருக்கும் தெரியவில்லை. தெரிந்ததுபோல் அவர் பேசினார் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

டாலர் விஷயத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். எல்லா நிறுவனங்களும் இந்தியச் செயற்கைக்கோளில் இல்லை. டிஷ் டிவி பல ஆண்டுகள் 95 டிகிரியில் இருந்த என்.எஸ்.எஸ்.-6இல் ஓடியது, ஏர்டெல்லுக்கு எஸ்.இ.எஸ்.-7, வீடியோகான் டி2எச்சுக்கு சிங்கப்பூரின் எஸ்.டி.-2. வெளிநாட்டு வாடகை என்றால் டாலர் ஏற ஏற வயிற்றில் புளி கரையும். 2008 தொடக்கத்தில் 40 ரூபாய்க்குக் கிடைத்த டாலர் 2013 ஆகஸ்டில் 68 ரூபாயைத் தொட்டது. இங்கே ரீசார்ஜ் விலையை அந்த வேகத்தில் ஏற்ற முடியுமா? ஏற்றினால் மறுநாளே எதிர் கடைக்காரர் என் வாடிக்கையாளருக்கு வேறு டிஷ் மாட்டிக்கொண்டிருப்பார்.

ஆக, நிறுவனங்களின் சுமை உண்மையானது. அதை நான் மறுக்கவில்லை. இனி உரிமக் கட்டணத்துக்கு வருகிறேன்.

2001 மார்ச்சில் மத்திய அரசு வகுத்த விதி இதுதான்: நுழைவுக் கட்டணம் 10 கோடி ரூபாய், உரிமம் 10 ஆண்டுக்கு, ஆண்டுதோறும் மொத்த வருவாயில் 10 சதவீதம் அரசுக்கு, அதற்குப் பிணையாக 40 கோடி ரூபாய்க்கு வங்கி உத்தரவாதம். இந்த 40 கோடியை வாசகர்கள் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், பிறகு இதற்குத் திரும்புவேன். மொத்த வருவாய் என்றால் எது என்பதில் தொடங்கிய சண்டை தீர்ப்பாயம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று ஏறி இறங்கியது. முதலில் களம் இறங்கிய டிஷ் டிவியின் உரிமம் 2003இல் தொடங்கி 2013இல் முடிந்தது. அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் தற்காலிக நீட்டிப்பில்தான் வண்டி ஓடியது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை உரிமக் காலத்தை 20 ஆண்டாக்கி, கட்டணத்தை, மொத்த வருவாயிலிருந்து ஜி.எஸ்.டி.யைக் கழித்த வருவாயில் 8 சதவீதமாகக் குறைத்தது. அதே மாதம் டிஷ் டிவிக்கு அமைச்சகத்திலிருந்து ஒரு கடிதம் போனது. உரிமம் கொடுத்த நாள் முதல் 2018-19 வரைக்கும் வட்டியோடு சேர்த்து 4,164 கோடி ரூபாயை 15 நாளில் கட்டு என்றது அந்தக் கடிதம். கணக்கு சரியில்லை என்று நிறுவனம் சொல்கிறது. யார் பக்கம் நியாயம் என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒரு கடனைப் பதினேழு ஆண்டுகள் ஊறவைத்துவிட்டுப் பதினைந்து நாள் கெடு கொடுப்பதை எங்கள் ஊர்த் தண்டல்காரர்கூடச் செய்ய மாட்டார்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023 ஆகஸ்டில், கட்டணத்தை 3 சதவீதமாக்கி 2026-27 முடிந்ததும் அறவே எடுத்துவிடலாம் என்று பரிந்துரை செய்தது. இதற்கிடையில் 2025 மே 22 அன்று உச்ச நீதிமன்றம், மாநிலங்களுக்கு டி.டி.எச். மீது கேளிக்கை வரி போட அதிகாரம் உண்டு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. மத்திய அரசு இறக்கி வைக்கப் பார்க்கும் மூட்டையை மாநிலங்கள் ஜி.எஸ்.டி.க்கு முந்தைய பாக்கி என்று ஏற்றி வைக்கலாம். உங்கள் கட்டுரையாளர் இந்தத் தீர்ப்பைத் தொடவேயில்லை.

இவ்வளவும் சொன்னது ஒன்றைக் கேட்பதற்காகத்தான். அரசு தன் பாக்கிக்கு 40 கோடிக்குப் பிணை வாங்கியது. வங்கி சொத்தை எழுதி வாங்கிக்கொண்டுதான் கடன் கொடுக்கிறது. செயற்கைக்கோள்காரரும் ஒளிபரப்பாளரும் பணம் வராவிட்டால் சிக்னலை நிறுத்திவிடலாம். முன்பணம் கட்டிய வாடிக்கையாளரிடம் என்ன இருக்கிறது? ஆண்டறிக்கையின் பொறுப்புகள் பக்கத்தில் 'முன்கூட்டிப் பெற்ற வருவாய்' என்று ஒரு வரி வரும். அந்த ஒற்றை வரிக்குள் லட்சக்கணக்கான வீடுகள் இருக்கின்றன. அந்த வரிக்கு எதிரே பிணை என்று எதுவும் எழுதப்பட்டிருப்பதை நான் பார்த்ததில்லை.

இதை நான் பேசுவதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. 2014 தீபாவளிக்கு, நான் அப்போது டீலராக இருந்த நிறுவனம் ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. (நிறுவனத்தின் பெயர் வேண்டாம், இன்னும் அந்த வட்டாரத்தில்தான் பிழைக்கிறேன்.) ஒரே தவணையில் 7,000 ரூபாய் கட்டினால் ஐந்தாண்டுக்குக் கவலையில்லை, விலை ஏறினாலும் உங்களுக்கு ஏறாது என்று துண்டறிக்கை அடித்துக் கொடுத்தார்கள். நான் 41 வீடுகளில் விற்றேன். அவர்களில் ஒருவர் ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர். கணவர் பக்கவாதத்தில் படுத்துவிட்டார். பகல் முழுக்கத் தொலைக்காட்சிதான் அவருக்குத் துணை. மாதாமாதம் கடைக்கு வர முடியாது என்று ஓய்வுப் பணத்திலிருந்து 7,000 ரூபாயை எடுத்து எண்ணிக் கொடுத்தார் அந்த அம்மா. நோட்டுகளைச் சுற்றியிருந்த ரப்பர் வளையத்தை மறக்காமல் திரும்ப வாங்கிக்கொண்டார்.

இரண்டாண்டு ஓடியது. பிறகு, தொழில்நுட்பம் மாறுகிறது, எம்பெக்-2 பெட்டி இனி வேலை செய்யாது, எம்பெக்-4 பெட்டிக்கு மாறுங்கள், 1,200 ரூபாய் என்று குறுஞ்செய்தி வந்தது. சிக்னலை இறுக்கி அடைத்தால் அதே டிரான்ஸ்பாண்டரில் கூடுதல் சேனல் ஏற்றலாம், வாடகை மிச்சம். நிறுவனத்துக்கு அது புத்திசாலித்தனமான முடிவுதான், மறுக்கவில்லை. அந்த மிச்சத்தின் செலவை ஐந்தாண்டுக்குப் பணம் கட்டியவர் தலையில் ஏன் வைக்க வேண்டும்? சேவை மையத்துக்கு ஒன்பது முறை போன் செய்தேன். ஒன்பது பேரும் 'விதிமுறைகளுக்கு உட்பட்டது' என்ற ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். படிவத்தின் பின்பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். சேனல்களையும் சாதனத்தையும் எப்போது வேண்டுமானாலும் மாற்ற நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்று கடுகளவு எழுத்தில் இருந்தது. வாடிக்கையாளரின் உரிமைகளைக் கடுகளவு எழுத்தில்கூடக் காணவில்லை.

அந்த அம்மா கடைக்கு வந்து கத்தவில்லை. "தம்பி, நான் கம்பெனியைப் பார்த்தா கொடுத்தேன்? உன்னைப் பார்த்துத்தானே கொடுத்தேன்" என்றார். அவ்வளவுதான். அவருக்கும், என்னால் முடிந்த இன்னும் பத்துப் பேருக்கும் என் கமிஷன் பணத்திலிருந்து பெட்டி மாற்றிக் கொடுத்தேன். மீதி முப்பது பேரில் சிலர் காசு கொடுத்து மாற்றினார்கள், சிலர் கேபிளுக்குப் போனார்கள். இரண்டு பேர் இன்றைக்கும் என்னைத் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

டிராய்க்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது. 2019 பிப்ரவரியில் புதிய கட்டண முறை வந்தது நினைவிருக்கும்: 100 சேனலுக்கு 130 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு 153 ரூபாய் 40 காசு. (அந்த 40 காசுக்குச் சில்லறை இல்லாமல் ஒரு மாதம் நான் பட்ட பாடு தனிக் கதை.) அப்போது, நீண்ட காலத் திட்டத்தில் முன்பணம் கட்டியவர்களுக்கு ஒப்பந்தக் காலம் முடியும்வரை திட்டம் தொடர வேண்டும் என்று டிராய் தெளிவுபடுத்தியது. முன்பணமும் ஓர் ஒப்பந்தம்தான் என்று ஆணையமே ஏற்றுக்கொண்டது என்பதுதானே இதன் பொருள்? நிறுவனமே நொடித்துப்போனால் அந்த ஒப்பந்தம் என்ன ஆகும் என்பதை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.

திவால் சட்டம் இருக்கிறதே என்று வழக்கறிஞர்கள் சொல்வார்கள். ஒரு நிறுவனத்தின் மீது அந்தச் சட்டத்தின் கீழ் மனுப் போடவே குறைந்தது 1 கோடி ரூபாய் பாக்கி இருக்க வேண்டும் என்று 2020இல் வரம்பை உயர்த்திவிட்டார்கள். அந்த அம்மாவின் 7,000 ரூபாய் அங்கே வாசற்படியைக்கூட மிதிக்காது. வீடு வாங்க முன்பணம் கட்டியவர்களை 2018இல் சட்டத்தைத் திருத்தி வங்கிகளைப் போன்ற நிதிக் கடன் கொடுத்தவர்களோடு சேர்த்தார்கள். டிஷ்ஷுக்கு முன்பணம் கட்டியவர் இன்னும் வரிசையின் கடைசியில்தான் நிற்கிறார்.

நான் கேட்பது புதுமையானது ஒன்றும் இல்லை. கைப்பேசியில் மின்பணப்பை நடத்தும் நிறுவனங்கள் மக்கள் போட்டு வைத்த பணத்தை வங்கியில் தனிக்கணக்கில்தான் வைக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ரெரா என்ற 2016இன் வீடு, மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டப்படி அடுக்குமாடி கட்டுகிறவர் வாங்குகிறவர்களின் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக்கணக்கில் போட வேண்டும். டி.டி.எச். முன்பணத்துக்கும் அப்படியொரு கணக்கு ஏன் கூடாது? ஒரு மாத ரீசார்ஜை விட்டுவிடலாம். ஆறு மாதத்துக்கு மேல் வாங்கும் பணத்தையாவது தனியே வைத்து, மாதம் ஓட ஓட எடுத்துக்கொள்ளட்டும். உரிமக் கட்டணத்தைக் குறைப்பதற்கு இதையே நிபந்தனையாக்கலாம். அரசு 10 சதவீதத்திலிருந்து இறங்கி வருகிறதே, அந்த மிச்சத்தில் இந்தச் சிறு ஒழுங்கை நிறுவனங்களால் தாங்க முடியாதா?

தாங்க முடியாது என்றுதான் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த முன்பணத்தை வைத்துத்தான் செயற்கைக்கோள் வாடகை ஓடுகிறது. பழைய வாடிக்கையாளரின் அடுத்த ஆண்டுப் பணம் இந்த ஆண்டுக் கடனுக்குப் போகிறது. நூற்பாலையிலும் கடைசி இரண்டு ஆண்டு இப்படித்தான் நடந்தது. நூலுக்கு முன்பணம் வாங்கிப் பஞ்சுக்கடனைக் கட்டிக்கொண்டிருந்தோம். அந்தக் கணக்கை எழுதியவனே நான்தான்.

உங்கள் வணிகச் செய்தியாளர் அடுத்த முறை டில்லியில் அமைச்சக அதிகாரிகளையோ நிறுவனத் தலைவர்களையோ சந்திக்கும்போது 4,164 கோடியைப் பற்றிக் கேட்கட்டும். அதோடு, முன்கூட்டிப் பெற்ற வருவாய் என்ற அந்த ஒற்றை வரியில் எவ்வளவு இருக்கிறது, அது எந்த வங்கியில் இருக்கிறது என்றும் கேட்க வேண்டுகிறேன்.

2014இன் ரசீது ஒன்றின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். அந்த அம்மா அதைப் பிளாஸ்டிக் உறை போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். அவருடைய பெயரும் அட்டை எண்ணும் இருக்கும் இடங்களை மட்டும் மறைத்திருக்கிறேன். அசல் அவரிடமே இருக்கிறது; கேட்டால் வாங்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு டி.டி.எச். விற்பனையாளர்,
அருப்புக்கோட்டை.